முட்டை, கறி, இசப்கோல்

அக்காவும் நானும் ஒரே வாரத்தில் உடம்பைக் குறைக்கத் தொடங்கினோம். அவள் ரேணிகுண்டாவில், நான் சித்தூரில். அவளுக்கு முட்டையும் கறியும் மட்டும். சோறு, பருப்பு, பழம் எதுவும் கூடாது. நான் கேழ்வரகும் கீரையும் தின்றேன். இரண்டு மாதத்தில் அவள் ஒன்பது கிலோ இறங்கினாள், நான் மூன்று. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் போனில் எடையைச் சொல்லிக்கொள்வோம். அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒரு ஞாயிறு அவள் எடையைச் சொல்லவில்லை.

"ஆறு நாளாச்சிடீ வெளிய போயி. வயிறு கல்லு மாதிரி கீது."

"நார்ச்சத்து இல்லாம துன்னா அப்டித்தான். இசப்கோல் வாங்கித் துன்னு," என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மலச்சிக்கலுக்குத் தின்னும் அந்த உமிக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அடுப்பில் பால் பொங்கியது. அதைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

செவ்வாய் காலை அக்கா வீட்டுக்காரர் கூப்பிட்டார். விடியலிலிருந்து வாந்தி, திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். பஸ் சந்திரகிரி தாண்டும்வரை என்னால் ஜெபம்கூடச் செய்ய முடியவில்லை.

அக்காவின் மூக்கில் குழாய். வயிறு நிறைமாதம் போல உப்பியிருந்தது. டாக்டரம்மா தெலுங்கில் கேட்கக் கேட்க அவள் மெல்லச் சொன்னாள்: மூன்று ஸ்பூன் இசப்கோல், இரண்டு மடக்குத் தண்ணீர். உமி உள்ளேயே ஊறிப் பெருத்து, இறுகிக் கிடந்த மலத்தோடு சேர்ந்து குடலை அடைத்துவிட்டது, சாயங்காலத்துக்குள் இளகாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"யாரு உனுக்கு அத துன்னச் சொன்னது?" என்றார் மாமா.

அக்கா என்னைப் பார்த்தாள். "போன்ல பார்த்தேன்," என்றாள்.

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

எனிமா கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுபடி எனிமா. ஆபரேஷன் தாளில் மாமா கையெழுத்துப் போட்டார். நாலு மணி வாக்கில் நர்ஸ் திரையை விலக்கி, "அயிந்தி," என்றாள். ஆயிற்று, அடைப்பு இளகிவிட்டது.

அக்கா வீடு திரும்பிய அன்று நானே சொன்னேன். "நான்தான் மாமா சொன்னேன். தண்ணிய சொல்லல."

அவர் காப்பியை வைத்துவிட்டு வெளியே போனார். அந்தக் கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

"நீ சொல்லிருந்தா மட்டும் குட்ச்சிருப்பேனா?" என்றாள் அக்கா, அன்று அவர் வெளியே போனதும். "தண்ணி குட்ச்சா வெயிட்டு ஏறிக் காட்டுதுன்னு பயந்துகினு இருந்தேன்."

பிறகு அவரைக்காய்ப் பொரியலை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள்.