ரெத்தினபாய் அக்கா மாமியிடம் என்ன சொன்னார்?

ரெத்தினபாய் அக்கா போய்விட்டார்.

நேற்று காலை அங்கன்வாடி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவோடு செய்தி வந்தது. கிட்னி பிரச்சினையாம்... எனக்குத் தெரியவே தெரியாது.

பிரசவமான பெண்களின் மனநிலை, குழந்தைக்கு என்ன பால் கொடுக்கிறார்கள், வளர்ந்தபின் அந்தக் குழந்தைகளின் மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு ஆராய்ச்சி நடந்தது. அதற்காக எங்கள் இராஜாக்கமங்கலம் பக்கம் வீடு வீடாக வந்து கேள்வி கேட்டவர்.

எட்டு வருஷமாக நான் அவரை நம்பவில்லை. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா தெரியவில்லை, ஆனால் அதுதான் உண்மை.

அப்போது மகள் பிறந்து ஒரு மாதம். எனக்கு அம்மா இல்லை. அதனால் ஆரல்வாய்மொழியில் பிறந்த வீட்டுக்குப் போகாமல் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். கணவர் கத்தாரில்.

முதல் நாள் அவர் டேப்லட்டோடு வந்து நின்றதும் மாமி என் காதில் சொன்னார். "பால்பவுடர் கம்பெனிக்காரியா இருக்கும். என்ன சிரிப்பு சிரிக்கா பாத்தியா? ஒண்ணும் வாங்கிராத."

கணவர் போனில், "நீ சொல்லுகதெல்லாம் எங்க போகும்னு கேட்டியா? கையெழுத்துப் போடாத" என்றார்.

போட்டேன். பிள்ளைக்கு எடை பார்ப்பார்களே என்றுதான். நாம் சொல்வது எதுவும் வெளியே போகாது என்று அந்தப் படிவத்தில் இருந்தது.

"நேத்துலேருந்து பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர வேற என்ன குடுத்த மக்கா?"

"ஒண்ணும் குடுக்கல்ல."

பொய். எனக்குப் பால் போதவில்லை. தம்பி வாங்கித் தந்த டின் பால் பீரோவில் சேலைகளுக்கு நடுவே இருந்தது, மாமிக்குத் தெரியாமல்.

கட்டிலுக்கு அடியில் பால்பாட்டிலின் மூடி உருண்டு கிடந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவரும் பார்த்தார். ஆனாலும் நான் சொன்னதைத்தான் பதிந்துகொண்டார்... தெரிந்தே ஏன் பொய்யை எழுதிக்கொள்கிறார்? அன்றைக்கு ஆரம்பித்த சந்தேகம்.

அடுத்த முறை வேறு கேள்விகள். அழுகை வருகிறதா, பயமாக இருக்கிறதா...

"போன ஏழு நாள்ல, உன்னையே எதாவது செஞ்சுகிடணும்னு தோணிச்சா மக்கா?"

அடுக்களையில் மாமி மீன் உரசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது.

"இல்லை" என்றேன்.

"மாமி, குடிக்கக் கொஞ்சம் வெந்நீர் போடுவியளா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார். நான் இன்னொரு தடவை "இல்லை" என்றேன்.

முந்தின நாள் மதியம் கிணற்றடியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். டேப்லட் இல்லை, பை இல்லை, எடை போடும் தராசும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, உறங்குகிறேன் என்று மாமியைச் சொல்லச் சொன்னேன்.

அவர் போகவில்லை. வெளியே மாமியோடு அரை மணி நேரம் பேச்சு. மாமி முந்தானையால் முகம் துடைப்பதைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே மாமி தன் பாயை என் அறைக்கு மாற்றினார். விடியுமுன் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ கெடந்து உறங்கு" என்றார். மறுநாள் அவரே மெடிக்கலுக்குப் போய் டின் பால் வாங்கி மேசைமேல் வைத்தார். அந்த வாரமே நாகர்கோவிலில் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

நான் பிழைத்தேன். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லிவிட்டார் இந்த அக்கா... எல்லாவற்றையும்!

அடுத்து வந்தபோது முகத்துக்கு நேரே கேட்டேன். "வெளிய போகாதுன்னு கையெழுத்து வாங்கிட்டு மாமிகிட்ட போய் சொல்லிட்டிய, இல்லியா?"

"நான் உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல்ல மக்கா."

"எனக்க பேரை வெட்டிருங்க."

அவர் வாதாடவில்லை. பிள்ளையைத் தராசில் போட்டு எடையை வாயால் சொன்னார். எங்கேயும் பதியவில்லை.

அப்புறம் ஒரு தடவை வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மகள் எல்.கே.ஜி. ஸ்கூலில் ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்று நான் கவலையில் இருந்த நேரம். "பிள்ளை ஸ்கூல்ல பேசுகாளா?" என்று கேட்டார்.

யார் சொன்னது இவருக்கு? இன்னும் எங்களைக் கவனிக்கிறார்களா? பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

நேற்று மாமியிடம் செய்தியைச் சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு வெளிய நின்னு அவங்க என்ன சொன்னாங்க மாமி?"

"அவ ஒண்ணும் சொல்லல்லட்டி. கேக்கத்தான் செய்தா."

"என்ன கேட்டாங்க?"

"உங்களுக்கு மூத்த பிள்ளை பெத்தப்ப எப்படி இருந்துதுன்னு கேட்டா. அதுவரைக்கும் எனட்ட ஒருத்தரும் கேட்டதில்ல. உனக்க மாப்பிள்ளையப் பெத்துட்டு நாப்பது நாளு நான் அவனைக் கையால தொடல்ல. பக்கத்து வீட்டுக்காரிதான் பால் குடுத்தா... அதைச் சொல்லிட்டு நிக்கும்போதுதான், உள்ள நீ கெடக்க கெடப்பு எனக்கு மனசிலாச்சு."

எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்கா தெரிந்துதான் அப்படிக் கேட்டாரா, இல்லை அதுவும் அவர்கள் கேள்வித்தாளில் ஒன்றா? இப்போதும் எனக்குச் சந்தேகம்தான். கேட்க ஆள் இல்லை.

இன்று அடக்கத்துக்கு மாமியும் நானும் மகளும் போனோம். சர்ச் வாசலில் என் வயதுப் பெண்கள் நிறையப் பேர், கையில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளோடு. ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

பக்கத்தில் நின்றவள் கேட்டாள். "நீங்க சொந்தமா?"

"இல்ல... வீட்டுக்கு வருவாங்க."

"எங்க வீட்டுக்கும்" என்றாள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. நானும்.

சமாதானமாப் போங்க, அக்கா.