மகளின் முடி

என் மகளுக்கு நான் மொட்டை போடவில்லை. இதற்கு முகம் சுளிக்காத சொந்தக்காரர் மலேசியாவில் எங்கள் ஊரான மெர்லிமாவில் ஒருவரும் இல்லை. சுளிக்கட்டும்.

என் கணவர் சீக்கியர். எங்கள் பக்கம் இன்றும் அவர்களைப் 'பெங்காளி' என்றுதான் சொல்வார்கள். பஞ்சாப் எங்கே, வங்காளம் எங்கே என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான்லா" என்பார்கள். கல்யாணத்தன்று அம்மா தேங்காயும் கற்பூரமும் வைத்த அர்ச்சனைத் தட்டோடு குருத்வாராவுக்குள் நுழைந்து, "சாமி எங்கடி?" என்று என் காதில் கேட்டாள். சிலை ஏது? கடவுள் ஒருவர், உருவமற்றவர். பட்டு விரித்த மேடையில் இருக்கும் புனித நூல்தான் அவர்களுக்குக் குரு. தலையை மூடிக்கொண்டு அதன் முன் குனிந்து வணங்கிவிட்டு, எல்லோரும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ரப்பர்த் தோட்டத்துக் கோயிலில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சாதி பார்த்ததைக் கண்டு வளர்ந்தவள் நான். அந்த வரிசை எனக்குப் பிடித்துப்போயிற்று.

முடியில்தான் சண்டை வந்தது. கடவுள் தந்த முடியை ஆணோ பெண்ணோ வெட்டக் கூடாது என்பது அவர்கள் நெறி. ஆனால் என் பிரசவம் சிக்கலானபோது, தாயும் பிள்ளையும் பிழைத்தால் பிள்ளைக்கு மொட்டை போடுவதாக அம்மா முருகனிடம் நேர்ந்துகொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நேந்துகிட்டத செய்யலன்னா சாமிக் குத்தம். பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா என்னடி பண்ணுவ?" என்று அழுதாள். மாமியார் பேத்தியின் தலையைத் தடவியபடி, "ஜாங்கான் போத்தோங், நாக்" என்றார். வெட்டாதே மகளே என்று மலாயில் அவர் கெஞ்சியது அம்மாவின் அழுகையைவிட அதிகமாக வலித்தது. இருவர் மீதும் எனக்குக் கோபம். பிள்ளை வளரட்டும், தன் தலையை என்ன செய்வது என்று அவளே சொல்லட்டும் என்று முடிவு செய்தேன்.

குறித்த நாளில் முருகன் கோயிலுக்குப் போனோம். அம்மா பிள்ளையோடு மணையில் உட்காரப் போனாள். நான் முந்திக்கொண்டு உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தேன். முடி இடுப்பைத் தாண்டி விழுந்தது.

"எனக்கு எடுங்கண்ணே."

"பைத்தியமாடி உனக்கு? நேந்தது பிள்ளைக்கு!"

"பிழைச்சது நானும்தானேம்மா. பத்தலன்னா முருகனே வந்து கேக்கட்டும்."

முடி இறக்குகிறவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றாள். அவர் என் தலையில் தண்ணீர் தெளித்தார்.

மாமியாருக்கும் இது பிடிக்கவில்லை. யார் தலையானாலும் வெட்டியது வெட்டியதுதானே. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முக்காட்டுக்குள் மொட்டைத் தலையோடு குருத்வாராவில் அந்த வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவர்தான் ரொட்டி பரிமாறி வந்தார். இரண்டு கைகளையும் நீட்டினேன். ஒரு கணம் நின்றார். பிறகு ரொட்டியை வைத்துவிட்டு, நழுவிய முக்காட்டை இழுத்து விட்டுப் போனார்.

மகளின் முடி இன்று முதுகு வரை வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துப் பின்னி விடுவது அம்மாதான். சீப்பில் நாலு முடி வந்தால் போதும், பிள்ளையைக் கவனிக்கிற லட்சணமா இது என்று என்னைத்தான் திட்டுகிறாள்.