வெள்ளைத் தையல் மிஷின்களுக்கு வைத்த பொட்டு

அன்று ஹாலில் இருந்தவர்கள்: லாரி டிரைவர் ஒருவர். ஏணி பிடிக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர், கள்ளிக்குப்பத்துக்காரர்கள். எலெக்ட்ரீஷியன், அவர் சர்ச்சுக்குப் போகிறவர், பூஜைக்கு நிற்க மாட்டார், பொரிக்கு நிற்பார். வாசல் செக்யூரிட்டி, ஐயப்பன்தாங்கலிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அப்புறம் நான். ஆபீஸ் மேடம் லீவு.

ஆயுத பூஜை.

இடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய ஷெட். முன்னே கம்பெனி, இப்போது மியூசியம். மியூசியம் என்றால் பழைய சிலை, பாடம் பண்ணின மிருகம் இருக்கும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். இங்கே எல்லாம் புதுசு. அதுவும் நிலைக்காது. மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் இறக்கி, சுவருக்கு வெள்ளை அடித்து, வேறே ஏற்ற வேண்டும். அதுதான் என் வேலை. காண்டிராக்டர் வைத்த ஆள் நான்.

எதை ஏற்றுகிறோம், ஏன் ஏற்றுகிறோம் என்பது எனக்குப் பிடிபட்டதில்லை. ஒரு தடவை மணல் குவியல். மூட்டையில் வந்தது, கொட்டினோம், ஜனங்கள் பார்த்தார்கள், திரும்ப மூட்டையில் அள்ளி அனுப்பினோம். கொஞ்சம் கூட விடக்கூடாது என்றார்கள். இன்னொரு தடவை டிவி முழுக்கப் புள்ளி. ரிப்பேர் என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் பின்னாடி கையை விடப்போனார். மேடம் ஓடி வந்தார். படமே அதுதானாம்.

"அப்ப எங்க ஊட்டு டிவியையும் கொண்டாந்து வெக்கலாம், மாமே" என்றார் எலெக்ட்ரீஷியன்.

இந்தத் தடவை வந்தது தையல் மிஷின். ஒன்பது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்குமே, அதே அளவு, அதே பலகை. ஆனால் எல்லாம் வெள்ளை. ஊசி கூட வெள்ளை. தூக்கினால் எடை இல்லை. இந்தக் காலத்தில் எல்லாம் ஃபைபர்தானே என்று விட்டுவிட்டேன். வரிசையாக வைத்தோம்.

பூஜை அன்று நான்தான் பொட்டு வைத்தேன். ஏணி, டிராலி, டிரில்லிங் மிஷின், ரோலர், மெயின் போர்டு, கேட்டு, லாரி, செக்யூரிட்டியின் டார்ச் லைட்டு. கடைசியில் தையல் மிஷினிடம் வந்தேன்.

"அண்ணாத்தே, அது பொம்மைபா. அதுக்கு இன்னாத்துக்கு?" என்றான் ஏணிக்காரத் தம்பி.

"மிஷினாட்டம் கீதுல்ல?"

"கீது."

"அப்ப வெக்கணும்."

"வெக்கட்டும்டா" என்றான் அண்ணன்காரன். "டார்ச் லைட்டுக்கு வச்சிட்டு அதுக்கு வெக்காட்டி, அது இன்னா நினைக்கும்?"

சக்கரத்துக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று. சந்தனம், மேலே குங்குமம். ஒன்பது மிஷினுக்கும் வைத்தேன். தேங்காய் உடைத்தோம். பொரி தின்றோம். போய்விட்டோம்.

லீவு முடிந்து மேடம் வந்தார். பார்த்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார். மிஷின் எல்லாம் காகிதமாம். காகிதத்தை ஊற வைத்து அரைத்துச் செய்ததாம். சந்தனம் உள்ளே இறங்கியிருந்தது.

காண்டிராக்டர் போன் போட்டார். "யோவ், இன்னா வேல பண்ணி வச்சிகீற?"

"ஆயுத பூஜை, சார்."

"காயிதத்துக்கா ஆயுத பூஜை?"

சாயந்தரம் அதைச் செய்த பொண்ணு வந்தது. சின்ன வயசு, முடியை ஒட்ட வெட்டியிருந்தது. ஒன்பது மிஷினையும் சுற்றி வந்தது. யார் வைத்தது என்று கேட்டது. நான் என்றேன். ஏன் மூன்று என்று கேட்டது. சொன்னேன். இன்னொரு தடவை சுற்றி வந்தது. அப்புறம், "இருக்கட்டும்" என்றது.

நான் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தேன். "துடைக்கவா, வேணாமா?"

"தொடாதீங்க" என்று மேடமும் அந்தப் பொண்ணும் சேர்ந்து சொன்னார்கள்.

பிறகு இங்கிலீஷில் பேசினார்கள். கோபமா, சந்தோஷமா, முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் மேடம் எனக்குத் தமிழில் சொன்னார். இந்த ஒன்பதையும் ஒரு பெரிய இடத்தில் வாங்குகிறார்கள். பொட்டோடுதான் எடுத்துக்கொள்வார்களாம். ஒவ்வொரு பொட்டையும் போட்டோ எடுத்தாயிற்று. இருபத்தேழு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

"நீங்கதான் வச்சீங்க. கண்காட்சி முடியற வரைக்கும் நீங்களே காவல் இருங்க" என்றார்.

காண்டிராக்டர் வேறு மாதிரி சொன்னார். "ஒண்ணு கூடினாலும் சரி, ஒண்ணு கொறைஞ்சாலும் சரி, ஊட்டுக்குப் போய்க்கினே இரு."

நான் முன்னே இருந்த கம்பெனி மூடின பிறகு நிலையாகக் கிடைத்த வேலை இது ஒன்றுதான். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

வீட்டில் சம்சாரத்திடம் சொன்னேன். "பூஜை போட்டதுக்குத் திட்டு. அப்புறம் அதுக்கே காவலா? எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள். எனக்கு மட்டும் என்ன புரிந்தது.

ஜனங்கள் வந்தார்கள். ஃப்ளாட்டுக்காரப் பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்து அப்படியே போனார்கள். ஒருவர் என்னிடம், இதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன். சிரித்தார், நான் ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்ட மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்போர்ட் கம்பெனிப் பெண்கள் வந்தார்கள். அஞ்சாறு பேர். மிஷின் அவர்கள் தினமும் ஓட்டுகிற மிஷின்.

"இன்னாக்கா, இவ்ளோ சுத்தமா கீது?"

"இங்க சூப்பர்வைசர் இல்லடி. அதான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "இது ஓடுமா, அண்ணா?" என்றாள்.

"ஓடாதும்மா."

"ஓடாததுக்கு எதுக்குப் பூஜை?"

பூஜை போட்டால் மறுநாள் மிஷினை எடுத்து ஓட்டணும். ஒரு தையலாவது போடணும். அது எனக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குனிந்து, நாலாவது மிஷினின் சக்கரத்தில் இருந்த குங்குமத்தைக் கிள்ளி நெற்றியில் வைத்துக்கொண்டாள். காய்ந்த சந்தனத்தோடு அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது.

"ஐயோ, தொடாதம்மா!"

"பூஜை போட்டு வச்சிகீறீங்க. எடுத்துக்காம எப்டி?"

அவள் சொன்னது சரி. மேடம் சொன்னதும் சரி. அவர்கள் போன பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். லேசாக மஞ்சள் தெரிந்தது. குங்குமம் இல்லை.

டீக்கடையில் எலெக்ட்ரீஷியனிடமும் செக்யூரிட்டியிடமும் சொன்னேன்.

"இதுக்கா மூஞ்சிய இப்டி வச்சிகினு கீற? ஒண்ணு வச்சி வுட்ரு, மாமே. யாருக்குத் தெரியும்?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"இன்னிக்குப் பூஜை இல்ல. சும்மா எப்டி வெக்கறது?"

"அதுவே சும்மா மிஷின்தானே!"

"வேலை போயிடும்யா" என்றார் செக்யூரிட்டி.

"போவட்டும். பொய்ப் பொட்டு வெக்க மாட்டேன்."

"அப்ப உன் தலையெழுத்து" என்று செக்யூரிட்டி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். எலெக்ட்ரீஷியன் பீடியைப் பற்ற வைத்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் அந்தச் சக்கரத்தின் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். ஸ்டூலைக் கதவோரம் போட்டுக்கொண்டேன்.

கண்காட்சி மாறும் நாள் வந்தது. அடுத்ததுக்கான பெட்டிகள் வாசலில் இறங்கிவிட்டன. வாங்குகிறவர்களின் ஆள் ஒருவர் வந்தார். கையுறை போட்டு, சின்ன டார்ச்சும் போட்டோக்களும் வைத்திருந்தார். மேடம் பக்கத்தில். காண்டிராக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எலெக்ட்ரீஷியனும் செக்யூரிட்டியும் வாசலில் ஆளுக்கொரு பக்கம்.

அந்த ஆள் சத்தமாக எண்ணினார். மூன்று, ஆறு, ஒன்பது. நாலாவது மிஷினுக்கு வந்தார். இருபத்தாறுதான் வரப்போகிறது, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று நின்றேன். அவர் குனிந்தார். டார்ச்சை அடித்தார். போட்டோவைப் பார்த்தார். மறுபடியும் சக்கரத்தைப் பார்த்தார்.

நானும் போய்ப் பார்த்தேன். சக்கரத்தில் இரண்டு பொட்டு இருந்தது. ஒன்று பழைய இடத்தில், மஞ்சள் மேலேயே. இன்னொன்று ஒரு விரல் தள்ளி. இரண்டும் நான் வைத்தது இல்லை.

எலெக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தார். செக்யூரிட்டியும் எட்டிப் பார்த்தார். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயுமா?" என்றார் செக்யூரிட்டி, மெதுவாக.

எலெக்ட்ரீஷியன் தரையைப் பார்த்தார்.

மேடம் முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். காண்டிராக்டர் கையைப் பிரித்து, என் ஐடி கார்டுக்காக நீட்டினார். அந்த ஆள் அவசரப்படாமல் ஒவ்வொரு மிஷினாக எண்ணி முடித்தார்.

இருபத்தெட்டு.