தராசக்காவும் மூன்று மணி நேரமும்

தாய் சேய் நிலையத்தின் கடைசி அறையில் குழந்தைகளுக்கு எடை போடுகிறவளைத் தராசக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அந்தத் தராசின் தட்டு வெறும் தகரம். காலை நேரத்தில் தொட்டால் சில்லென்று இருக்கும். தையல்காரி தன் ஐந்து நாள் பெண் குழந்தையை முதல் முதலாகத் தூக்கிக்கொண்டு போன அன்று, தராசக்கா தன் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்து, தட்டின் மேல் அழுத்தி வைத்து, குளிர் போன பிறகுதான் குழந்தையை வாங்கிக் கிடத்தினாள். அதை யாரும் கவனித்துவிடக் கூடாது என்பதுபோல் வாசலைப் பார்த்து ஓர் அதட்டல் வேறு. "வரிசையில நில்லுங்கம்மா! இங்க என்ன இலவசமா தங்கமா குடுக்கிறாங்க?" கை தட்டைச் சூடாக்கும், வாய் ஆட்களைச் சூடாக்கும். அவள் பிறவி அப்படி.

முள் நிற்பதற்கு முன் அவள் உதடு லேசாக அசையும். "ஏறியிருக்கணும் சாமி" என்று கேட்டுக்கொள்வாளாம். ஏறியிருந்தால் சிரிக்க மாட்டாள். ஏறாவிட்டால் விட மாட்டாள். பதினெட்டு வருஷமாக அந்த அறையில் அவளிடம் திட்டு வாங்காத தகப்பன் இல்லை, படிவம் இல்லை, ஒழுகுகிற குழாய் இல்லை.

தையல்காரியின் கணவன் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். நல்ல மனுஷன்தான். குழந்தையின் ஈரத்துணியை முகம் சுளிக்காமல் அலசுவான். ஆனால் அவன் உடம்பில் ரத்தம் ஓடவில்லை, கடிகார முள் ஓடியது. டெப்போவில் வண்டி பத்து நிமிஷம் தாமதமாக எடுத்தால் டிரைவர் ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்துவிடலாம். இரண்டு நிமிஷம் முன்னால் எடுத்தால் மன்னிப்பே கிடையாது, மெமோதான். தாமதத்தை விட முந்துவதுதான் பெரிய குற்றம் என்பது பன்னிரண்டு வருஷமாக அவன் எலும்பில் ஊறியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்சம்மா, "தூங்கினாலும் எழுப்பிக் குடுங்க, மூணு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க" என்று சொல்லியிருந்தாள். அவன் காதில் மூன்று மணி என்பது மட்டும் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்ததும் அட்டையில் கோடு போட்டான். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று. பகலில் நாலு, இரவில் நாலு, மொத்தம் எட்டு டிரிப். அட்டையைத் தையல் மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டினான். டெப்போவிலிருந்து போன் வேறு.

"ஒன்பது மணி போச்சா?"

"போச்சுங்க."

"அடுத்தது பன்னண்டுதான். நடுவுல எடுத்துடாதே, பழக்கம் கெட்டுடும்."

பத்தரை மணிக்கே குழந்தை தலையை இப்படியும் அப்படியும் திருப்பி வாயைத் திறந்து தேடும். முஷ்டியை வாயில் வைத்துச் சப்பும். பதினொன்றுக்கு அழ ஆரம்பிக்கும். இவளுக்கு மார்பு கட்டி, ரவிக்கை நனைந்து ஒழுகும். அட்டையைப் பார்ப்பாள், குழந்தையைப் பார்ப்பாள். பன்னிரண்டு ஆவதற்குள் குழந்தை அழுது அழுது ஓய்ந்திருக்கும். எடுத்து வைத்தால் நாலு வாய் குடித்துவிட்டு அப்படியே கண் சொருகிவிடும். தலைப்பிள்ளை. எது சரி என்று அவளுக்கு என்ன தெரியும்? அவன் படித்தவன், அட்டையும் போட்டிருக்கிறான். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை மெஷின் மிதியில் காட்டினாள். ஊசி இரண்டு ஒடிந்தது.

இருபதாம் நாள் எடை. பிறக்கும்போது இரண்டு கிலோ தொள்ளாயிரம். அன்றைக்கு முள் நின்றது இரண்டு கிலோ எழுநூற்றைம்பதில்.

தராசக்கா நிமிர்ந்து தையல்காரியை முறைத்தாள்.

"ஏம்மா, இது புள்ளையா, காயப்போட்ட துணியா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது?"

"மூணு... நாலு தடவை."

"ஆறுக்குக் கொறையக் கூடாது. பால் இல்லையா உனக்கு, இல்ல குடுக்க மனசு இல்லையா?"

வரிசையில் இருந்த ஏழெட்டுப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். நிலையத்து நர்சம்மா வந்து குழந்தையைத் தலை முதல் கால் வரை சோதித்தாள். நோய் ஒன்றும் இல்லை, பட்டினிதான் என்றாள். மூன்று நாளில் ஏறவில்லை என்றால் வார்டில் சேர்க்க வேண்டியதுதான், ஊசி, டியூப் என்று போகும் என்றாள்.

இருபது நாள் அடக்கி வைத்தது தையல்காரிக்கு அப்போதுதான் தொண்டைக்கு வந்தது.

"மனசு இல்லைன்னு யாரைப் பார்த்துச் சொல்றீங்க? பால் தரையில சொட்டுது! வெளிய உக்காந்திருக்காரே வாட்ச் கட்டிக்கிட்டு, அவரைப் போய்க் கேளுங்க! மூணு மணி நேரம் ஆகாம தொடக் கூடாதுன்னு அட்டை எழுதி மாட்டியிருக்காரு!"

தராசக்கா குழந்தையை அள்ளி அவள் மடியில் போட்டாள். "இப்பக் குடு. இங்கேயே உக்காந்து குடு. அதுவா விடுற வரைக்கும் எடுக்காதே, அப்புறம் அடுத்த பக்கமும் வை." வரிசையைப் பார்த்து, "அத்தனை பேரும் காத்திருங்க!" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

திறந்த கதவு வழியாகத் தையல்காரிக்கு எல்லாம் கேட்டது.

"நீங்கதான் அப்பாவா? என்ன வேலை?"

"டெப்போல டைம்கீப்பர்மா."

"அதான பார்த்தேன். ஏன் தம்பி, புள்ளை என்ன ரூட் பஸ்ஸா? நேரத்துக்கு எடுக்கிறதுக்கு? அது ஆட்டோ. கை காட்டினா நிக்கணும். முஷ்டியைச் சப்பினா கை காட்டுதுன்னு அர்த்தம். கத்தி அழுதா, நீங்க நிறுத்தாம போயிட்டீங்கன்னு அர்த்தம்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் செத்துப்போனது.

"ஆஸ்பத்திரி நர்சம்மாதான் மூணு மணி நேரம்னு..."

"அதுக்கு மேல விடாதேன்னு சொல்லியிருப்பாங்க. அதுக்கு முன்னாடி தொடாதேன்னா சொன்னாங்க? எட்டு தடவைக்குக் கொறையக் கூடாது. பத்தும் ஆகும், பன்னண்டும் ஆகும். கேட்டா குடுக்கணும். உங்களுக்குப் பசிச்சா மணி பார்த்துதான் பசிக்குதா?"

வீட்டு வாசல் கடந்ததும் அவன் வெடித்தான். "ஒரு எடை போடுற பொம்பளை, நாலு பேர் முன்னாடி என்னை..."

"என்னையும்தான் திட்டினாங்க, நான் செய்யாத தப்புக்கு! நீங்க செஞ்சதுக்கு நீங்க திட்டு வாங்கினா மட்டும் வலிக்குதோ?" அவள் ஆணியிலிருந்த அட்டையைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "இனிமே புள்ளை வாயைத் திறந்தா நான் குடுப்பேன். நீங்க வாட்சைக் கழட்டி வெச்சிட்டு வாங்க, இல்ல டெப்போவுலயே இருங்க!"

குழந்தை முஷ்டியைச் சப்ப ஆரம்பித்தது. குடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் உள்ளே போய்த் துணி அலச உட்கார்ந்தான். வாளி தடதடவென்று இடிபட்டது.

மூன்றாம் நாள் முள் நூற்றிருபது கிராம் ஏறி நின்றது. தையல்காரி கடவுளுக்கு நன்றி சொல்லி அங்கேயே அழுதுவிட்டாள். தராசக்கா எடை அட்டையில் எழுதிவிட்டு, "போதாது. அடுத்த வாரம் வா" என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரமும் ஏறியது, அதற்கடுத்த வாரமும் ஏறியது. ஆனாலும் தையல்காரிக்கு அவள் மேல் கோபம் தீரவில்லை. உயிரைக் காப்பாற்றினவள்தான், ஒத்துக்கொள்கிறாள். மனசு இல்லையா என்று ஊர் முன்னால் கேட்டவளும் அவள்தானே?

குழந்தைக்கு மூன்றாவது மாதம் நடக்கும்போது, தராசக்காவைத் தூரத்து நிலையம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். எடை குறைந்த குழந்தைகளை வார்டுக்கு எழுதி அனுப்பாமல், தானாகவே வரிசையை நிறுத்தி வைத்து அங்கேயே பால் கொடுக்கச் சொல்கிறாள் என்று யாரோ மேலே புகார் எழுதினார்களாம். கடைசி நாள், கையில் ஒரு துணிப்பையோடு வெளி கேட்டில் நின்றுகொண்டு காவலாளியிடம் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தையல்காரியைக் கண்டதும் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். குழந்தையின் தொடையைப் பிடித்துப் பார்த்தாள்.

"அன்னைக்கு விசாரிக்காம உன்னைத் திட்டினது என் தப்பு" என்றாள், அதையும் திட்டுகிற குரலிலேயே. "ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. என்கிட்ட அன்னைக்கு ஒரு கத்து கத்தினே பாரு, அதை வீட்டுல முதல் நாளே கத்தியிருந்தா இந்தப் புள்ளை ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்திருக்காது. இனிமே வயிறு எரிஞ்சா இருபது நாள் காத்திருக்காதே. அன்னைக்கே கத்து."