மூன்று நாள் தேசிய அணி

அமெரிக்காவில் காப்பெல் என்ற ஊரில் எண்பத்து மூன்றாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர் ஒரு பெலாரஸ்காரர். பெயர் ஆலெஸ் ஹ்ரித்சுக், வயது நாற்பத்தொன்பது. காலை ஐந்தே காலுக்கு டார்ச் அடித்து டயர்களைப் பார்ப்பார். மாலை ஐந்தரைக்கு அதே உடம்போடு மைதானத்தில் நிற்பார். பதின்மூன்று வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். பதினான்கு பேரில் ஒன்பது பேர் தமிழ்ப் பிள்ளைகள். இடது இடுப்பு தேய்ந்துபோனதால் பந்தை உதைத்துக் காட்டுவதில்லை, கையால் உருட்டிக் காட்டுகிறார்.

பிறந்தது உப்புச் சுரங்க ஊர் ஒன்றில். பத்தொன்பது வயதில் உள்ளூர் கிளப்பில் நடுக்கள வீரர். பதினைந்து சீசன், முந்நூற்றுப் பதினோரு ஆட்டம், பத்தொன்பது கோல். பின்னால் இருப்பவர்களிடம் பந்தை வாங்கி முன்னால் இருப்பவனிடம் சேர்ப்பது அவர் வேலை. “நான் யாரிடம் கொடுத்தேனோ அவன் இன்னொருவனிடம் கொடுப்பான். அந்த இன்னொருவன் படம் பேப்பரில் வரும்” என்கிறார். முப்பத்து நான்கில் முழங்கால் போனது. அதே கிளப்பில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நான்கு வருடத்தில் கிளப் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. மனைவி இரினா கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பித்தார், விழுந்தது.

இந்தக் கடைசி விவரத்தை, அணியில் ஆடும் வெண்பாவின் அப்பா நெடுஞ்செழியனால் இன்றுவரை தாங்கிக்கொள்ள முடியவில்லை.

“லாட்டரியிலயா? நாங்க பதிமூணு வருஷமா க்யூல நிக்கறோமுங்க. இவருக்குச் சீட்டுக் குலுக்கிக் குடுத்திருக்கறாங்க.”

“அந்த லாட்டரில இந்தியாவச் சேக்கவே மாட்டாங்க பாஸ்” என்பார் பிரீத்தியின் அப்பா பத்ரி. “மனச விடுங்க.”

ஒவ்வொரு மே மாதமும் பெற்றோர் அடுத்த சீசனுக்குக் கையெழுத்திட வேண்டும். பதினொரு பேர் சேர்ந்தால்தான் அணி. இந்த வருடம் பக்கத்து ஊர் அகாடமி ஒன்று பெரிய விளம்பரத்தோடு ஆள் பிடித்தது. இரண்டாவது வாரம் வரை ஆலெஸிடம் எட்டுக் கையெழுத்துதான் இருந்தது. பதினொன்று வராவிட்டால் ஏழு வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கிளப் இயக்குநர் சொல்லிவிட்டார். அங்கே பந்து ஒரு பக்கம் போகும், குழந்தைகள் வேறு பக்கம் போவார்கள். இந்தப் பெண்களை ஒன்பது வயதிலிருந்து அவர் வளர்த்தார். அவருக்கு மிச்சமிருந்த கால்பந்து இவர்கள்தான்.

ஒரு புதன்கிழமை பார்க்கிங்கில் பத்ரி கேட்டார், தேசிய அணியில் ஆடியிருக்கிறீர்களா என்று.

“மூன்று நாள் அதில் இருந்தேன்” என்றார் ஆலெஸ். மிச்சத்தைச் சொல்வதற்குள் பிரீத்தி வந்து காரில் ஏறிவிட்டாள்.

வியாழக்கிழமை பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பத்ரி தயாரித்த நோட்டீஸ் வந்தது. கொடிக்கு முன்னால் ஆலெஸின் படம். ‘பெலாரஸ் தேசிய அணியின் முன்னாள் நட்சத்திரம்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். ஞாயிறு மாலை பூங்காவில் பாராட்டு விழா. வெள்ளி மாலைக்குள் கையெழுத்து பதின்மூன்றாகிவிட்டது. நெடுஞ்செழியனும் போட்டிருந்தார்.

ஆலெஸ் நோட்டீஸை இரினாவிடம் காட்டினார்.

“நீ எழுதவில்லையே” என்றார் இரினா. “தூங்கு.”

வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆலெஸ் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு விழாவில் லெமன் ரைஸும் சமோசாவும் அலுமினியத் தட்டுகளில் ஆவி விட்டன. ஷ்ரேயாவின் அம்மா ஷ்யாமளா, அணியின் மேனேஜர், மைக்கில் நோட்டீஸை வாசித்தார். பத்ரி பொன்னாடை போர்த்தினார். ஆலெஸ் குனிந்து வாங்கிக்கொண்டார். அதுவரை சமாளித்தார். பிறகு ஷ்யாமளா ஒரு பெட்டியைத் திறந்தார். சிவப்பு நிறத் தேசிய அணிச் சட்டை, முதுகில் அவர் பெயர், எட்டாம் எண்.

“போட்டுக்கோங்க கோச்! போட்டோ, போட்டோ!”

அவர் சட்டையைத் தொடவில்லை. மைக்கை வாங்கினார்.

இரண்டாயிரத்து ஒன்று, ஆகஸ்ட். இருபது பேரை முகாமுக்கு அழைத்தார்கள். மூன்று நாள் பயிற்சி. கட்டில்மேல் ஒரு சட்டை மடித்து வைத்திருந்தார்கள். ஆட்டத்தன்று காலை இரண்டு பேரை நீக்கினார்கள், அதில் அவர் ஒருவர். சட்டைகளைப் பார்த்துக்கொள்பவர் அவருடையதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். ஆட்டத்தை ரயில் நிலைய டிவியில் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“வியாழக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்” என்றார். “எனக்கு இந்த அணி வேண்டியிருந்தது.”

கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

“என்ன பத்ரி இது?” என்றார் ஷ்யாமளா. “நான் மைக்ல வேற படிச்சுத் தொலைச்சேன்.”

“எல்லா ஃபங்ஷன்லயும் இப்படித்தானங்க போடறோம்? போன வருஷம் சங்கத்துக்கு வந்த டாக்டர உலகப் புகழ்னு போட்டேன். அவர் மறுத்தாரா? கும்பிட்டுட்டு உக்காந்தாரு.”

நெடுஞ்செழியன் தட்டைக் கீழே வைத்தார். “இவரு சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க. இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனி எப்படிங்க புள்ளய இங்க விடறது?”

“டாட், ப்ளீஸ்” என்றாள் வெண்பா.

திங்கள் மாலை ஆறு வரை கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள கிளப் விதி இடம் தந்தது. முதலில் இரண்டு பேர் விலகினார்கள், பதினொன்று நின்றது. ஐந்து ஐம்பதுக்கு நெடுஞ்செழியனின் மின்னஞ்சல் வந்தது, மிக மரியாதையாக, இரண்டு முறை நன்றி சொல்லி. பத்து. ஆறரைக்கு இயக்குநர் அழைத்தார். பத்துப் பெண்களும் மற்ற அணிகளுக்குப் பிரித்து அனுப்பப்படுவார்கள். ஆலெஸுக்கு ஏழு வயதுக் குழந்தைகள், ஆகஸ்டிலிருந்து. சரி என்றார். இரினா இடுப்புக்கு வெந்நீர்ப் பையை நிரப்பிக் கொடுத்தார்.

செவ்வாய்க் காலையும் ஐந்தே காலுக்கு டார்ச், டயர்கள். மூன்றாவது நிறுத்தத்தில் வெண்பா ஏறினாள். வழக்கமாகப் பின் இருக்கைக்குப் போய் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்பவள், அன்று ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்றாள்.

“கோச், கேன் ஐ ஆஸ்க் யூ சம்திங்?”

அப்பாவைப் பற்றி மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்து அவர் வேண்டாம் என்று கையசைத்தார். அவள் கேட்டது வேறு. அந்த மூன்று நாளும் நன்றாக ஆடினீர்களா?

ஆலெஸ் கண்ணாடியில் பின்னால் நிற்கும் கார்களைப் பார்த்தார். இருபத்து நான்கு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. எப்படி நீக்கினார்கள், ஏன் நீக்கினார்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

“முதல் நாள் பயந்துகொண்டே ஆடினேன்” என்றார். “இரண்டாம் நாள் ஒரு பாஸ்கூடத் தப்பவில்லை. மூன்றாம் நாளும் நன்றாகத்தான் ஆடினேன்.”

“கூல்” என்று சொல்லி வெண்பா முன் இருக்கையிலேயே உட்கார்ந்தாள்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் கதவை மூடினார். இன்னும் நான்கு நிறுத்தங்கள் இருந்தன.