பெண்கள் பக்கம்

நகரத்தின் நடுவிலிருக்கும் அந்தப் பூங்காச் சதுக்கத்தைக் காட்ட வரும் வழிகாட்டிகள் வாய் ஓயாமல் பேசுவார்கள். ராஜா கட்டிய நீரூற்று, குதிரை மேல் தளபதி சிலை, பேண்டு வாத்திய மண்டபம், சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி. நீரூற்றுக்கு அருகே படியிறங்கினால் வரும் பொதுக் கழிப்பறையை மட்டும் எவனும் சொல்ல மாட்டான். வயிறு கலக்கினால்தான் அவனுக்கும் அது ஞாபகம் வரும்.

அதைக் கழுவித் துடைத்தவள் பினாயில் அக்கா. சதுக்கத்தின் சரித்திரமெல்லாம் அவளுக்குத் தலைக்கு மேலே நடந்தது. நீரூற்று இருக்கும் இடத்தில் முன்பு தூக்குமரம் நின்றதாம். பயமாக இல்லையா என்று கேட்டால், "செத்தவன் தொந்தரவே இல்ல. உசுரோட வர்றவன்தான் தண்ணி ஊத்தாம போறான்" என்பாள். ஒரு கலவரத்தில் தளபதியைக் கயிறு கட்டி இழுத்தார்கள். குதிரை சாய்ந்து இரண்டு பேரை நசுக்கியது. அன்று கழிப்பறைக் கூரையில் விழுந்த விரிசல் இன்னும் இருக்கிறது. அடுத்து வந்த அரசாங்கம் தளபதியை ஒட்டவைத்து மறுபடி ஏற்றியது.

"செத்த ரெண்டு பேர எவன் ஒட்ட வச்சான்?" என்று துடைப்பத்தைத் தரையில் ஓங்கித் தட்டுவாள்.

அவளுக்கென்று இருந்தது தம்பி ஒருவன்தான். தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் வெல்டர், சதுக்கத்து வேலியில் பாதிக் கம்பி அவன் கைவேலை. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அவன் ஒருநாள் எவனையாவது கொன்றுவிட்டு வந்து நிற்பானோ என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

பூங்காவில் பாதியை அழித்துக் கடைகள் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. சனம் திரண்டது. போலீஸ் முதலில் தடியால் அடித்தது, பிறகு சுட்டது. தம்பியின் கூட்டாளி நீரூற்றுத் தொட்டிக்குள் குப்புற விழுந்தான். தண்ணீர் சிவந்தது. அதோடு கூட்டத்துக்கு வெறி பிடித்தது. வேலிக் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிப் பாய்ந்தார்கள்.

மண்டை பிளந்த இளம் போலீஸ்காரன் ஒருவன் படியில் உருண்டு வந்து அக்காவின் காலடியில் விழுந்தான். மீசைகூட முளைக்காத முகம். அவள் அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் பெண்கள் பக்கம் தள்ளிக் கதவைச் சாத்தி, குறுக்கே நின்றாள்.

கூட்டம் தடதடவென்று இறங்கியது. முன்னால் தம்பி.

"பொம்பளைங்க பக்கம்டா இது! எவனாவது கால் வச்சான், கால முறிச்சுருவேன்!"

ஒரு மண்டையைப் பிளந்துவிட்டு வந்தவர்கள்தான். ஆனாலும் அந்தக் கதவைத் தாண்ட அவர்களுக்குக் கால் எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தம்பி மட்டும் நிற்கவில்லை.

"வழி விடுக்கா. என் கூட்டாளி அங்க பொணமா கெடக்கான்."

"சுட்டது இவனா? இவன்கிட்ட துப்பாக்கியே இல்லடா!"

"எல்லாம் ஒரே காக்கிச் சட்டதான்!"

கதவை உடைக்கக் கம்பியை ஓங்கினான். அவள் கையைக் குறுக்கே நீட்டினாள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு கை இருக்கு. அதையும் உடைச்சுட்டு உள்ள போ" என்றாள்.

கம்பி கீழே விழுந்தது. மற்றவர்கள் ஓசைப்படாமல் படியேறிப் போனார்கள். பின்னாலேயே போலீஸ் இறங்கியது. அக்காவின் கையை மடியில் வைத்துக்கொண்டு தம்பி விம்மிக்கொண்டிருந்தான். அந்த நிலையிலேயே அவனை அடித்துப் பல்லை உதிர்த்து இழுத்துப் போனார்கள்.

கோர்ட்டில் அந்த இளம் போலீஸ்காரன் உள்ளதைச் சொன்னான். கூட்டத்தில் யார் அடித்ததென்று தெரியாது. கதவுக்குள் போனதும் மயங்கிவிட்டான். தம்பிக்கு எதிராக மிச்சம் இருந்த சாட்சி அக்காவின் முறிந்த கைதான். அவள் வாய் திறந்தால் தம்பி உள்ளே போவான்.

"வழுக்கி விழுந்துட்டேன்யா. பினாயில் போட்ட தரை."

"தினமும் நீயே துடைக்கிற தரையிலயா?" என்றார் நீதிபதி.

"தரைக்கு ஆள் தெரியுமாங்கய்யா?"

கோர்ட்டே சிரித்தது. அவன் தப்பித்தான் என்று அவள் மூச்சு விட்டாள். அப்போது கூண்டிலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"அக்கா பொய் சொல்லுதுங்கய்யா. அந்தக் கம்பி வேலியில நான் பத்த வச்சது. பிடுங்குனதும் நான்தான், அக்கா கையில அடிச்சதும் நான்தான்."

"வாய மூடுடா கிறுக்கா!"

"என்னத் தூக்கி வளத்த கைங்கய்யா அது. வழுக்கி விழுந்து உடைஞ்சதுன்னு மட்டும் எழுதிராதீங்க."

எலும்பு முறிந்தபோது வாய் திறக்காத பினாயில் அக்கா, அப்போதுதான் வாய்விட்டுக் கதறி அழுதாள்.