அல்லேலூயா அக்காவும் ஒரு முறைத் தண்ணீரும்

வாசல் படலையில் நின்று கூப்பிட்டுப் பிழைக்கிற தொழில்கள் எங்கள் பக்கத்தில் பல உண்டு. அவற்றில் உட்காரக் கதிரை கிடைக்காத ஒரே தொழில் என்னுடையது.

காப்புறுதிக்காரருக்குக் கதிரை போடுவார்கள். லீசிங் கட்டுக்காசு கேட்டு வருகிறவனுக்குப் பயத்தில் தேத்தண்ணீரும் சேர்த்துக் கொடுப்பார்கள். டெங்கு நுளம்புக் குடம்பி தேடி வருகிற சுகாதாரப் பெடியனைக்கூடக் கிணற்றடி மட்டும் விடுவார்கள். நான் ஸ்கூட்டியை நிறுத்தி, தோளில் வேதப்புத்தகப் பையோடு "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டால் முதலில் வருவது நாய். பிறகு குசினிக்குள் இருந்து "ஆரது?" என்று ஒரு குரல். "அந்த அல்லேலூயா அக்கா" என்று இன்னொரு குரல். நாயை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடமாட்டார்கள்.

வவுனியாவில் ஒரு சிறிய சபையின் ஊழியக்காரி நான். ஊழியக்காரிக்குச் சாந்தம் வேண்டும் என்பார்கள். ஆண்டவர் எனக்கு எத்தனையோ தந்தார், அதை மட்டும் தரவில்லை. வீடு வீடாக ஏறி இறங்குகிற சகோதர சகோதரிகளே, நீங்கள் எந்தச் சபையாக இருந்தாலும், எந்தக் கம்பனியாக இருந்தாலும் சரி, என் கோபம் உங்களுக்குத்தான் விளங்கும்.

வெறும் உரப்பை

ஓமந்தையில் இருந்து உள்ளே போகிற ஒரு ஊர். நான் ஸ்கூட்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கிடையில் சனம் சேரத் தொடங்கிவிட்டது. என் ஊழியத்தில் கூப்பிடாமல் கூட்டம் வந்தது அன்றைக்குத்தான். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ஆளுக்கொரு உரப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்திருக்கிறார்கள். யுத்தம் முடிந்த காலத்தில் தெரியாத ஒருத்தி பையும் புத்தகமுமாக வந்தால் அவள் நிவாரணம் கொடுக்கிறவள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

அரிசி இல்லை, பருப்பு இல்லை, கூரைத் தகரமும் இல்லை, நற்செய்தி சொல்லத்தான் வந்தேன் என்றேன். ஒரு நிமிடத்தில் மரத்தடி வெறிச்சோடிப் போனது. டவுனில் என்னைக் கண்டால் "பால்மாப் பைக்கற் குடுத்துச் சனத்தை மாத்துறவள்" என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். விற்கிற விலைக்குப் பால்மா வாங்கி என் வீட்டுத் தேத்தண்ணீருக்கே போட வழியில்லை. அந்தப் பேச்சையும் கேட்டுவிட்டு இங்கே வந்தால், சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் மட்டும் போகாமல் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு கோபம்.

"ஒண்டும் தராமலோ எங்களை மாத்த வந்தனீங்கள்? முந்தி வந்தவை கோழிக்குஞ்சாவது தந்தவை!"

வயலுக்குள் இறங்கினால் கதை

நெளுக்குளத்துக்கு அப்பால் ஒரு குளத்தின் கீழே குடியேற்றக் காணிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இருந்து தகப்பன்மார் காலத்தில் வந்து காடு வெட்டிக் கழனி ஆக்கியவர்களின் பிள்ளைகள் அங்கே நெல் விதைக்கிறார்கள். அதில் ஒருத்தி தேவி. புருசன் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவளுக்கு இருப்பது பள்ளிக்கூடம் போகிற ஒரு மகளும் ஒரு துண்டு வயலும்தான். அந்த வயல் பொய்த்தால் அவர்களுக்குச் சோறு இல்லை.

நான் வரம்பில் நின்று கூப்பிட்டேன். களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "நிண்டு கதைக்க எனக்கு நேரமில்லை அக்கா. கதைக்கிறதெண்டால் இறங்கிக் கதையுங்கோ" என்றாள். எனக்குச் சுறுக்கென்று ஏறியது. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினேன். களையைப் பிடுங்கிப் பிடுங்கியே, இயேசு களைத்துப்போய்க் கிணற்றடியில் இருந்து, தன் சனம் கையால் வாங்கிக் குடிக்காத வேறு சனத்துப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட கதையைச் சொன்னேன். அந்தப் பெண் குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடிச் சொன்னாள் என்று நான் உருகி உருகி முடித்தபோதுதான் தேவி முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"குடத்தை விட்டிட்டே போனவா? பிறகு வந்து பாக்கேக்க இருந்ததோ?"

நானாவின் பிளேன்டீ

தேவியின் வயலுக்கு மேல் வயல் ஹனீபா நானாவுடையது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். நெளுக்குளத்தில் உரம் விற்கிற பசளைக் கடையும் வைத்திருக்கிறார். கதிரை தராத தொழில் என்று மேலே எழுதினேன். நானா தந்தார். விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்டு, பிளேன்டீயும் கற்கண்டும் வரவழைத்தார். நான் சொன்னதை எல்லாம் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். ஒரு ஆத்துமா அசைகிறது என்று எனக்குள் நானே துதித்துக்கொண்டேன்.

நான் முடித்துவிட்டுப் பையைத் தூக்க, அவர் தொடங்கினார். மூசா நபியில் தொடங்கி ஈசா நபி வரைக்கும் வந்தார். நான் எழும்பினால் இன்னொரு பிளேன்டீ வந்தது. வெயில் சாய்ந்துவிட்டது. என் அன்றைய வீடு சந்திப்பு முழுவதும் பாழ். நானா, நான் உங்களுக்குச் சொல்லத்தான் வந்தேன், கேட்க வரவில்லை என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"தங்கச்சி, நீங்க சொன்னத நான் கேட்டேன்தானே. நான் சொல்றத நீங்க கேட்டா உங்கட வேதம் குறைஞ்சா போகும்?"

முன் கதிரை

மழைக்காலப் போகம் வெட்டி, அடுத்த போகத்துக்கு விதைத்திருந்த நாட்களில் தேவி ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு சபைக்கு வந்தாள். நான் கூப்பிட்டு வரவில்லை, தானாகவே வந்தாள். அன்றைக்கென்று கொழும்பில் இருந்து ஒரு சகோதரர் வான் வண்டியில் வந்திருந்தார். வாசலில் நின்ற எங்கள் சபைச் சகோதரி தேவியின் சேறு காய்ந்த காலைப் பார்த்துவிட்டு, "முன்னுக்குக் கதிரை வெளியில இருந்து வாற ஆக்களுக்கு" என்று பின்னால் பாயில் இருத்தினாள். முதல்முறையாக வெளியில் இருந்து வந்தவளே அவள்தான் என்று நான் சொன்னது பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அவள் இந்து வீட்டில் இருந்து வந்தவள் என்று தெரிந்ததும் கொழும்புச் சகோதரருக்கு அவள் முன்வரிசைக்கு வேண்டியவளாகிவிட்டாள். மைக்கைக் கொடுத்துக் கையை உயர்த்தச் சொல்லிப் படம் எடுத்தார். பிறகு கேட்டார், அடுத்த வாரம் குளக்கட்டில் பிள்ளையாருக்குப் பொங்குகிறார்களாமே, நீங்களும் அரிசி கொடுப்பீர்களா என்று. வருடா வருடம் கொடுப்பது என்றாள். இனிமேல் கொடுக்கமாட்டேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள் என்றார். நான் எழும்பினேன். எங்கள் பாஸ்டர் கண்ணாலேயே என்னை இருத்தினார். தேவி சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். வான் ஏசியைப் போட்டுக்கொண்டு தெற்கே போனது. அவள் செருப்பைத் தேடியபடி என்னிடம் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, அந்த ஐயா எங்கட வயலுக்குத் தண்ணி எங்கால வருகுதெண்டு கேக்கவே இல்லையே?"

குளக்கட்டு

அதைக் கேட்டிருக்க வேண்டும். வெயில் காலத்துச் சிறுபோகத்துக்கு மழையை நம்ப ஏலாது. குளத்துத் தண்ணீர்தான், அதுவும் முறை வைத்துத்தான். வாய்க்கால் திறக்க முன் குளக்கட்டில் பொங்குவார்கள். வயல் வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் அரிசி கொடுக்க வேண்டும். ஹனீபா நானா வீட்டில் இருந்துகூடத் தேங்காய் போகும். அந்த முறை தேவி வீட்டு அரிசி மட்டும் போகவில்லை. வாய்க்கால் திறந்தார்கள். எல்லோருக்கும் முறை வந்தது, அவளுக்கு மட்டும் வரவில்லை. விதைத்து முளைத்து நின்ற நெல் நுனியில் மஞ்சள் பிடித்தது.

தண்ணீர் முறை வைக்கிற கமக்காரர் அமைப்புக்குத் தலைவர் கனகரத்தினம், தேவியின் புருசனுக்குச் சொந்த அண்ணன். கொதித்துக்கொண்டு போய் அவர் முற்றத்தில் நின்றேன். தம்பி பெண்சாதியின் சோற்றில் மண் போடுகிறீர்களே, வெட்கமாயில்லையா என்று கேட்டேன். அவரும் விடவில்லை. "பொங்கல் சாமிக்கு மட்டும் இல்லை பிள்ளை. ஒரு வாய்க்கால்ல தண்ணி கட்டுற ஆக்கள் ஒரு பானையில சாப்பிட்டால்தான் பிறகு மண்வெட்டியோட அடிபடமாட்டினம். அந்தப் பானையை வேண்டாமெண்டு மைக்கில சொன்னது ஆர்? நாங்களோ?" என்றார். நியாயம் கொஞ்சம் அவர் பக்கமும் இருந்ததுதான் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்திலேயே பெரிய கோபம். படலை வரை வந்து வழியனுப்பிவிட்டுச் சொன்னார்.

"உங்கட ஆண்டவர் பெரியவரெண்டுதானே சொல்லித் திரியிறியள்? மழையைப் பெய்யச் சொல்லுங்கோவன்."

கொழும்புக்கு ஒரு அழைப்பு

நேரே பாஸ்டரிடம் போனேன். கனகரத்தினத்தோடு நாலு பேராய்ப் போய்ப் பேசுவோம், அரிசிக்குப் பதிலாக வாய்க்கால் துப்பரவுக்கு ஆள் விடுகிறோம் என்று சொல்லுவோம் என்றேன். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "இது விசுவாசத்துக்கு வந்த சோதினை, சகோதரி தாங்கிக்கொள்ளட்டும்" என்றார். தாங்க வேண்டியது இவர் வயல் இல்லையே! உபவாசம் இருப்போம் என்றார். தேவியும் மகளும் அரிசி இல்லாமல் தாங்களாகவே இருக்கப் போகிறார்கள், நீங்கள் வேறு தனியாக இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பிறகு கொழும்புச் சகோதரருக்குப் போன் அடித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். மனிதர் கலங்கிவிட்டார், ஏதோ வழி சொல்லப் போகிறார் என்று நானும் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திக் காதில் போனை அமத்திப் பிடித்தேன்.

"சிஸ்டர், வயல் காயிறத ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. போனைப் படுக்கையாப் பிடிச்சு எடுங்க."

நண்டு

அந்த வீடியோவுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத ஏலாது, ஊழியம் போய்விடும். எனக்கு மிஞ்சியது ஹனீபா நானா ஒருவர்தான். அன்றைக்கு அவருடைய தண்ணீர் முறை. அவரிடம் கெஞ்ச வேண்டிய வசனங்களை எல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நெளுக்குளம் போனால் கடை பூட்டியிருக்கிறது. வயலுக்கு ஓடினேன்.

நானாவின் கீழ் வரம்பில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு வெட்டு. அதன் வழியாகத் தண்ணீர் தேவியின் வயலுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. மண்வெட்டியோடு அவள் அதை மூலைக்கு மூலை திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். நானா வெட்டின் பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். எதிர் வரம்பில் கனகரத்தினம். அவர் மெதுவாக வந்து அந்த வெட்டைக் குனிந்து பார்த்தார். "இதென்ன நானா?" என்றார்.

"நண்டு, தலைவர். நண்டு போட்ட ஓட்டை" என்றார் நானா, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

கனகரத்தினம் வெட்டைப் பார்த்தார். நானாவின் கையில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தார். பிறகு மஞ்சள் பிடித்து நின்ற தம்பியின் வயலை நெடுநேரம் பார்த்தார். "நண்டு ஓட்டையெண்டால் அடைக்கத்தான் வேணும்" என்றார். "நாளைக்கு அடையுங்கோ." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தாலும் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். முந்தின நாளே தேவி நானாவின் கடைக்குத் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறாள் என்று அறிந்ததும், எனக்கு ஒரு சொல் சொல்லக் கூடாதா, நீ ஏன் போய்க் கெஞ்சினாய், நான் கேட்டிருப்பேனே என்று தேவியைப் பிடித்து ஏசினேன். அவள் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"நான் கெஞ்சேல்லை அக்கா, கேட்டனான். நீங்கள் சொன்ன கதையில ஆண்டவரே வேற ஆக்களிட்டத்தானே தண்ணி கேட்டவர், அவருக்கு வராத வெக்கம் எனக்கென்னத்துக்கு?"

இத்தனை வருடமாகப் படலை படலையாக நாங்கள் சொல்லித் திரிந்த கதையைக் கடைசியில் ஒருத்தி உண்மையாகவே நம்பிவிட்டாள், அதற்கு மட்டும் கொழும்பில் இருந்து யாரும் வீடியோ கேட்கவில்லை.